வலது பக்கப் பொத்தான்

"எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க மேடம். இடது கையில இப்ப நல்லாவே வருது."

கட்சிக்காரர் காகிதத்தை மேசைமேல் நகர்த்தினார். அந்த அறையில் நகரக்கூடியது அந்தக் காகிதம் ஒன்றுதான். மேசையைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். நாற்காலிகளையும் அப்படியே. ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு வலை, வலைக்கு மேல் பெயின்ட்.

அவருடைய வலது கை மடியில் கிடந்தது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சிய கை. மற்ற நான்கையும் பதினான்கு மாதத்துக்கு முன், இதே சிறையின் வண்டி நம்பர் பிளேட் பட்டறையில், நாலாம் நம்பர் பிரஸ் மிஷின் எடுத்துக்கொண்டது.

வக்கீலம்மா காகிதத்தைப் படித்தார். 'என் வழக்கை நானே விரும்பித் திரும்பப் பெறுகிறேன்.' மூன்றே வரி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இதுக்குப் பதிலா என்ன தர்றாங்க?"

"அக்கா ஊர் ஜெயிலுக்கு மாத்தல். ஆர்டரை டைப் அடிச்சு வெச்சிருக்காரு ஜெயில் சூப்பரெண்டு, கண்ணால பார்த்தேன். என் பொண்ணு அக்கா வீட்டுலதான் வளருது. அந்த ஜெயிலுக்கு நடந்தே வரலாம். மூணு வருஷமாச்சு மேடம் நான் அவளைப் பார்த்து. அவளுக்குப் பல் விழுந்து முளைச்சதெல்லாம் கடுதாசியிலதான் தெரியும்."

"நாலு மணிக்கு ஜட்ஜ் கேஸை எடுக்கிறார். அதுவரைக்கும் டைம் குடுங்க."

"என்ன கிடைக்கப் போகுது நாலு மணிக்குள்ள?"

வக்கீலம்மாவுக்கும் அது தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக வீட்டுப் பத்திரமும் வில்லங்கமும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். வக்கீல் வைக்க வழியில்லாத கைதி வழக்குப் போட்டால், பட்டியலில் அடுத்த பெயர் யாருடையதோ அவர் வாதாட வேண்டும் என்பது அந்த நீதிமன்றத்தின் ஏற்பாடு. அடுத்த பெயர் அவருடையதாக இருந்தது. எனக்குப் பழக்கமில்லாத வழக்கு, விடுவியுங்கள் என்று மனு போட்டார். ஜட்ஜ் அதன் அடியிலேயே 'முடியாது' என்று எழுதித் திருப்பியனுப்பினார்.

"இவருக்குப் பன்னெண்டு வருஷம், உங்களுக்கு எத்தனைன்னுதான் இன்னும் சொல்லல" என்றார் பக்கத்திலிருந்த குமாஸ்தா.

குமாஸ்தாவை எல்லாரும் ஒன்பதரை என்றுதான் கூப்பிடுவார்கள். கோர்ட்டுக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பிரஸ் மிஷினில் நின்றவர். இடது சுண்டுவிரலில் பாதி அங்கேயே தங்கிவிட்டது. யாராவது பெயர்க்காரணம் கேட்டால் பத்து விரலையும் விரித்து, எண்ணிக்கொள்ளச் சொல்வார்.

"சிறைத் தரப்பு என்ன சொல்றாங்கன்னு இன்னொரு வாட்டி படிக்கிறேன்" என்றார் வக்கீலம்மா. "மிஷினுக்கு ரெண்டு பொத்தான், ரெண்டுக்கும் நடுவுல ஒரு கை நீளம். ரெண்டையும் சேர்த்து அமுக்கினாத்தான் மேல இருக்கிற இரும்பு இறங்கும். அப்போ ரெண்டு கையும் பொத்தான்ல இருக்கும், விரல் நசுங்க வழியே இல்ல. இவரு வேலை சீக்கிரம் முடியணும்னு வலது பொத்தான்ல தானே மரத்துண்டைச் செருகிட்டாரு. தப்பு அவரோடது. அதோட சிறைச் சொத்தைச் சேதப்படுத்தினதுக்காக, நன்னடத்தைக்காகத் தண்டனையில கழிச்ச நாளையெல்லாம் ரத்து பண்ணிட்டோம். இதான் அவங்க பதில்."

"அந்த ரத்துக்காகத்தான் மேடம் கேஸே போட்டேன்" என்றார் கட்சிக்காரர். "விரல் போனதோட விட்டிருந்தா பேசாமத்தான் இருந்திருப்பேன்."

அது என்ன பேச்சு என்று வக்கீலம்மாவுக்கு உறுத்தியது. கேட்க நேரமில்லை. சாட்சிப் பொருள் பட்டியலைப் புரட்டினார். வில்லங்கம் பார்த்துப் பழகியவர் ஒரு வரியையும் விடமாட்டார்.

"மூணாவது பொருள். மரத்துண்டு ஒண்ணு. நீளம் மூணு அங்குலம். தடிச்ச முனையில 219னு சூட்டுக்குறி. வலது பொத்தானிலிருந்து எடுத்தது. கீழ சூப்பரெண்டு கையெழுத்து. இது என்ன 219?"

"கோர்ட்டுல போட்ட நம்பரா இருக்கும்" என்றார் ஒன்பதரை.

கட்சிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"அண்ணே, அந்த மிஷினுக்கு நீங்க போயி எத்தனை நாள்ல இது நடந்துச்சு?" ஒன்பதரை கேட்டார்.

"ஆறாவது நாள்."

"அதுக்கு முன்னாடி?"

"வேற செக்‌ஷன்."

"நீங்க போனப்பவே ஆப்பு அதுல இருந்துச்சா?"

"இருந்துச்சு. எல்லா மிஷின்லயும் இருக்கு."

"அதை நிரூபிக்கணும்" என்றார் வக்கீலம்மா. "பட்டறையோட உற்பத்தி ரிஜிஸ்டரைக் கேட்டா, மழையில நனைஞ்சு போச்சுங்கறாங்க."

ஒன்பதரை முன்னால் சாய்ந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை பிளேட்டு அடிப்பீங்க?"

"எண்ணினதில்ல. நிமிர்ந்தா ஃபோர்மேன் கத்துவாரு. ஒவ்வொரு மிஷினுக்கும் வரிசையா ஒரு கட்டு நம்பர் குடுப்பாங்க. அடிச்சு, பின்பக்கம் தேதியும் மிஷின் நம்பரும் சின்னதாக் குத்திப் பெட்டியில போடணும்."

"பின்பக்கம் தேதி குத்துவீங்களா?"

"ஆமா."

ஒன்பதரை எழுந்தார். முகம் மாறியிருந்தது. "மேடம், கிளம்புங்க. ரிஜிஸ்டர் நனையல. ரோட்டுல ஓடிக்கிட்டிருக்கு."

கிளம்ப முடியவில்லை. கதவு பூட்டியிருந்தது. மணி பதினொன்று. கைதிகளை எண்ணும் நேரம். எண்ணிக்கை சரியாகும்வரை சிறையில் ஒரு கதவும் திறக்காது என்று கதவிலிருந்த வலைக்கு அந்தப் பக்கமிருந்து வார்டர் சொன்னார்.

பதினொன்றேகால். பதினொன்றரை. மின்விசிறி கூண்டுக்குள் சுற்றியது. வக்கீலம்மாவின் கழுத்தில் வியர்வை இறங்கியது. பூட்டிய அறையில் அரைமணி நேரம் இருந்ததற்கே மூச்சு முட்டியது அவருக்கு. எதிரே இருந்தவர் ஏழாவது வருடமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் தாமதம்?" ஒன்பதரை கத்தினார்.

"கணக்கு உதைக்குது. ஒருத்தர் கூட வருது."

"குறைஞ்சா பயப்படலாம். கூடினா சந்தோஷப்படுங்க சார், யாரோ ஆசைப்பட்டு உள்ள வந்திருக்காங்க."

வார்டர் சிரிக்கவில்லை. வலைக்குள் எட்டிப் பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார். ஒன்பதரையின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். பக்கத்தில் கட்சிக்காரரின் வெள்ளைச் சட்டையையும் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"என்னைச் சேர்த்து எண்ணிட்டீங்களா? அரைமணி நேரமா நான் உள்ள இருக்கேனா? சொல்லியிருந்தா சாப்பாடாவது கேட்டிருப்பேனே!"

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

வண்டிப் பதிவு ஆபீஸின் பின்கட்டில் தகரக் கொட்டகை. அதற்குள் பிளேட் பொருத்துகிறவர் ஒரு வேனின் முன்னால் குந்தியிருந்து ரிவிட் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் நீளத்துக்குக் கம்பி கட்டி, பிளேட்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தது. காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து தடதடத்தன.

"அதெல்லாம் என்னண்ணே?" என்றார் ஒன்பதரை.

"வாங்காம விட்டது. நம்பர் வந்திருச்சு, வந்து மாட்டிக்குங்கன்னு சொன்னா ஒருத்தன் வரமாட்டான். அட்டையில எழுதி ஒட்டிக்கிட்டே சுத்துவான். ரெண்டு வருஷத்து மிச்சம் தொங்குது. தலையெழுத்துன்னு வரிசை மாறாம கோத்து வெச்சிருக்கேன்."

"திருப்பிப் பார்க்கலாமா?"

"பாருங்க. அடிக்கிற வெயிலுக்குச் சூடா இருக்கும், கையைச் சுட்டுக்காதீங்க. ஏற்கெனவே ஒண்ணு குறையுது போல."

"அரை" என்று திருத்தினார் ஒன்பதரை.

இருவரும் ஆளுக்கொரு முனையிலிருந்து ஆரம்பித்தார்கள். பின்பக்கம், மூலையில், அரிசி மணி அளவுக்குத் தேதி. பக்கத்தில் மிஷின் எண். மூன்று, ஏழு, ஒன்று, நான்கு. நான்கு வந்த இடத்திலெல்லாம் வக்கீலம்மா நின்று எழுதிக்கொண்டார். விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிற்று.

"அண்ணே!" என்று ஒன்பதரையைக் கூப்பிட்டார் வக்கீலம்மா. "நாலாம் மிஷின். விபத்துக்கு நாப்பது நாள் முந்தின தேதி. நம்பர் 3106."

"எங்கிட்டயும் அதே மிஷின், அதே தேதி. 4039. நடுவுல இன்னும் எத்தனை இருக்கு பாருங்க."

நடுவில் பதினொன்று இருந்தன. எல்லாம் அதே தேதி, அதே நான்கு.

ஒன்பதரை தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே நாள், ஒரே மிஷின், தொள்ளாயிரத்துக்கு மேல. மேடம், நான் இருபத்திரண்டு வருஷம் நின்னவன். அச்சை மாத்தணும், பிளேட்டை வைக்கணும், ரெண்டு கையையும் எடுத்துப் பொத்தானுக்குக் கொண்டு போகணும், அமுக்கணும். நிமிஷத்துக்கு ஒண்ணு. நாள் முழுக்க மூத்திரம் போகாம நின்னாலும் நானூத்தி எண்பது தாண்டாது. தொள்ளாயிரம் வரணும்னா ஒரு பொத்தான் செத்துக் கிடக்கணும். இடது கை அமுக்கிக்கிட்டே இருக்கும், வலது கை உள்ள போய் வந்துக்கிட்டே இருக்கும்."

"அப்போ நம்மாளு அந்த மிஷின் பக்கமே போகல."

"போகல. வேற எவனோ தன் வலது கையைப் பணயம் வெச்சு அடிச்சது இது."

வக்கீலம்மா பதின்மூன்று பிளேட்டுகளையும் பட்டியல் போட்டு, ஆபீஸின் தலைமைக் கிளார்க்கிடம் போய் முத்திரை கேட்டார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்.

"இருக்கறதை இருக்குன்னு எழுதறதுக்கு மேலிடம் எதுக்கு சார்? கம்பியில தொங்குது, போய்ப் பாருங்க. இல்லாததை எழுதச் சொன்னா அப்போ பயப்படுங்க" என்றார் வக்கீலம்மா.

கிளார்க் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, முத்திரையைக் குத்தினார். இரண்டே முக்கால்.

மூன்றேகாலுக்கு நீதிமன்றத் தாழ்வாரத்தில், சிறைத் தரப்புக்கு வாதாடும் அரசு வக்கீல் பட்டியலை வாங்கிப் படித்தார். நிதானமான மனிதர். படித்து முடித்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பிரமாதம்மா. நாப்பது நாள் முன்னாடியே ஆப்பு இருந்துச்சு. ஒத்துக்கறேன்."

வக்கீலம்மா இதை எதிர்பார்க்கவில்லை.

"இப்போ நான் சொல்றதைக் கேளுங்க. உங்காளு பிரஸ்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தாருன்னு கேட்டீங்களா? தச்சுப் பட்டறை. ரெண்டு வருஷம். அந்த ஆப்பைச் செதுக்கினதே அவர்தான். கைதிங்க தங்களுக்குள்ள பேசி வெச்சுச் செஞ்ச வேலை. அவரே செஞ்சாரு, அவரே மாட்டிக்கிட்டாரு. அவரைக் கூண்டுல ஏத்தினா முதல் கேள்வி இதுதான் கேட்பேன். இல்லேன்னு சொன்னா பொய்ச் சாட்சி. உங்க பட்டியல் எனக்குத்தான்மா உதவி."

அவர் போய்விட்டார். செருப்புச் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"நல்லா ஆப்பு வெச்சுட்டாரு" என்றார் ஒன்பதரை. வழக்கமான குரலில் வரவில்லை அது.

கைதிகளைக் காத்திருக்க வைக்கும் அறை நீதிமன்றத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மேலே ஓடும் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் கட்சிக்காரர் முழங்காலில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க தச்சரா?" என்றார் வக்கீலம்மா.

கட்சிக்காரர் காகிதத்தை முழங்காலில் கவிழ்த்து வைத்தார்.

"ஆமா."

"ஆப்பைச் செதுக்கினது?"

"நான்தான். எட்டு. மிஷினுக்கு ஒண்ணு."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல? காலையிலேர்ந்து வெயில்ல அலையறோம், தகரத்தைத் தடவிக்கிட்டு!"

"எப்படி மேடம் சொல்றது?" அவர் குரல் உயரவில்லை. "எனக்கு முன்னாடி நாலாம் மிஷின்ல ஒருத்தர் நின்னாரு. கொத்தனார். அவருக்குக் கட்டைவிரல் போச்சு. நான் செதுக்கின ஆப்பாலதான் போச்சு. அவரு இடத்துக்கு ஆள் வேணும்னு என்னைப் போட்டாங்க. ஆறு நாளும் அந்த ஆப்பைப் பார்த்துக்கிட்டேதான் நின்னேன். விரல் போனப்போ, எனக்கு வேண்டியதுதான்னு தோணுச்சு. இதைக் கூண்டுல ஏறி ஊருக்கே சொல்லச் சொல்றீங்களா?"

குழாய் சொட்டியது. ஒன்பதரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செதுக்கச் சொன்னது யாரு?"

"ஃபோர்மேன். அளவு குடுத்தாரு."

"வாயால சொன்னாரா, சீட்டுல எழுதினாரா?"

"சீட்டு இல்லாம எப்படிண்ணே? ஜெயில் பட்டறையில உளியே சீட்டுக்குத்தான் குடுப்பாங்க. சாயந்தரம் எண்ணி வாங்குவாங்க. மரம் சீவினா அந்தச் சீவலைத் தவிர எதுவும் நம்பர் இல்லாம வெளிய போகாது. மூணு அங்குல மரமானாலும் ஃபோர்மேன் ஆபீஸ்ல வேலை நம்பர் போட்டு, அதை இரும்பால சூடு வெச்சுத்தான் அனுப்புவாங்க. நம்பர் இல்லாத மரம் கையில இருந்தா ஆயுதம்னு கேஸ் போட்டுருவாங்க."

ஒன்பதரை மெல்லத் திரும்பி வக்கீலம்மாவைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே கோப்பைத் திறந்துகொண்டிருந்தார்.

"உங்க எட்டுக்கும் என்ன நம்பர்?"

"216லேர்ந்து 223 வரைக்கும். வரிசையா ஒண்ணுலேர்ந்து எட்டு மிஷினுக்கு."

216 முதல் மிஷின். 217, 218. ஒன்பதரை விரல்விட்டு எண்ணினார். நாலாவது விரலில் நின்றார்.

வக்கீலம்மா பட்டியலை விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார். "தடிச்ச முனையில 219னு சூட்டுக்குறி. மரத்துண்டு கோர்ட்டுப் பெட்டியில சீல் வெச்சுக் கிடக்கு. பட்டியல்ல சூப்பரெண்டோட கையெழுத்து."

"கைதிங்க ரகசியமாச் செஞ்ச ஆப்புக்கு ஆபீஸ்காரங்களே சூடு போட்டு நம்பர் குடுத்திருக்காங்க" என்றார் ஒன்பதரை. "இதைத் தூக்கி நம்ம மேல சாட்சியா வெச்சதும் அவங்கதான். அந்த அரசு வக்கீல் இன்னும் அதைத் திருப்பிப் பார்க்கல."

யாரும் சிரிக்கவில்லை. வக்கீலம்மா கம்பி அருகே குந்தி உட்கார்ந்தார்.

"கேளுங்க. இது நிக்கணும்னா நீங்க கூண்டுல ஏறி, நான்தான் செதுக்கினேன்னு சொல்லணும். கொத்தனார் விரலையும் சேர்த்துச் சொல்லணும். ஒளிச்சு வெச்சா அரசு வக்கீல் இழுத்துப் போடுவாரு. சொல்லிட்டா மாத்தல் ஆர்டரைக் கிழிச்சுருவாங்க. இன்னும் அஞ்சு வருஷம் அதே ஜெயில், அதே ஃபோர்மேன். ரத்து பண்ணின நாளை ஜட்ஜ் திருப்பிக் குடுப்பாருன்னு நினைக்கிறேன், சத்தியமாச் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டீங்கன்னா, வர்ற வாரம் உங்க பொண்ணைப் பார்க்கலாம். நான் தப்பாவே நினைக்க மாட்டேன்."

மாடியில் யாருடைய வழக்கையோ கூப்பிட்டார்கள். அவர்களுடையது இல்லை. அடுத்தது அவர்களுடையது.

கட்சிக்காரர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த ஏழு ஆப்பும் இன்னும் அங்கதான் இருக்கா?" என்றார் ஒன்பதரை.

"இருக்கு. நாலாம் மிஷினுக்கும் புதுசு வெச்சுட்டாங்க. வேற தச்சன் செஞ்சது."

"அதுல இப்ப யாரு நிக்கிறாங்க?"

"என் பக்கத்துப் படுக்கைக்காரன். லாரி ஓட்டினவன். சாயந்தரமானா அவனுக்குக் கண்ணு மங்கலாத்தான் தெரியும். கண்ணாடி கேட்டு எழுதிப் போட்டு எட்டு மாசமாச்சு."

அவர் எழுந்தார். கம்பியருகே வந்தார். இடது கையால் காகிதத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கினார். வலது கட்டைவிரலால் மறு ஓரத்தை அழுத்தப் பார்த்தார். அது வழுக்கி வழுக்கிப் போயிற்று. மூன்று முறை முயன்றார்.

"இதுக்கும் ரெண்டு கை வேணும்ணே" என்றார். "அந்த ஓரத்தைப் பிடிங்க."

ஒன்பதரை கம்பிக்குள் கையை விட்டுப் பிடித்தார்.

"அழுத்திப் பிடிக்கிறீங்களா?"

"ஒன்பதரை விரலாலயும் பிடிச்சிருக்கேன். இழுங்க."

காகிதம் கோணலாகத்தான் கிழிந்தது. கையெழுத்துக்கான கோடு பாதி உள்ளே போனது, பாதி வெளியே வந்தது. மாடியிலிருந்து வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். வார்டர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே படியிறங்கி வந்தார்.